வரிசையை யார் அமைத்தது? மட்டக்களப்பிலிருந்து உகண்டாவுக்குச் சென்ற மருத்துவ ஊழியப் பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் அரச வைத்தியசாலைகளில் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். எங்கள் சபையின் ஊழியக் குழுச் செயலாளர். 2023 ஓகஸ்டில் மட்டக்களப்பிலிருந்து ஆறு பேர் கிழக்கு உகண்டாவின் தெசோ பகுதிக்கு இரண்டு வாரங்கள் மருத்துவ ஊழியத்துக்குச் சென்றோம். ஒரு வைத்தியர், என்னோடு சேர்த்து இரண்டு தாதியர், ஒரு மருந்தாளர், ஒரு போதகர், ஒரு வாலிபன். அந்தப் பயணத்தில் நடந்ததைத் தொடக்கம் முதல் எழுதுகிறேன். உடன் வந்த ஐவரும் இதை வாசித்துச் சம்மதித்திருக்கிறார்கள். யாருடைய பெயரும் இதில் இல்லை.

இந்த ஆசை எங்கள் சபையில் திடீரென்று முளைத்ததல்ல. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். ஓராண்டு நிறைவதற்கு முன்பே, 1815இல், இங்கேயே இறந்தார். வாவிக்கரையில் நிற்கும் அவருடைய சிலையைக் கடந்துதான் நாங்கள் எல்லோரும் பள்ளிக்குப் போனோம். இருநூறு ஆண்டுகளாகப் பெற்றுக்கொண்டவர்கள் இனிக் கொடுக்கவும் வேண்டும் என்று எங்கள் போதகர் அடிக்கடி சொல்வார். அவரோடு இந்தியாவில் இறையியல் படித்த ஓர் உகண்டாப் போதகர் தன் ஊருக்கு அழைத்தபோது சபை மகிழ்ச்சியோடு தலையசைத்தது.

ஒருவரைத் தவிர. சபைக் கூட்டத்தில் ஒரு முதிய தாய் எழுந்து கேட்டார்: "மகள், போன வருடம் நம்முடைய ஆஸ்பத்திரியிலேயே மருந்தை வெளியில் வாங்கிவரச் சொன்னார்கள். இப்போது நீங்கள் எந்த நாட்டுக்கு மருந்து கொண்டு போகிறீர்கள்?" 2022இன் பொருளாதார நெருக்கடியில் அவருடைய கணவரின் இருதய மருந்துக்காக மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தவர் அவர். எங்களிடம் உடனடிப் பதில் இருக்கவில்லை. ஆனால் பயணத்தின் முதல் சரியான முடிவு அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

ஆயத்தம்

அதுவரை மருந்தகங்களில் நன்கொடை கேட்டு இரண்டு பெட்டிகள் நிரப்பியிருந்தோம். கூட்டம் முடிந்த பிறகு மருந்தாளர் அவற்றைத் தரையில் கொட்டித் திகதி பார்த்தார். கணிசமானவற்றுக்குக் காலாவதியாக ஐந்தாறு மாதங்களே இருந்தன. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுளாவது மீந்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பெறும் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கவும் வேண்டும், அங்குள்ளவர்களுக்குப் புரியும் மொழியில் அதன் பெயர் எழுதப்பட்டிருக்கவும் வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் இந்தக் கரையில் வந்திறங்கிய பெட்டிகளில் எங்களால் வாசிக்க முடியாத எழுத்தில் மருந்துகள் இருந்ததை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். எந்த நோய்க்கு என்று தெரியாமல் அவற்றை ஒதுக்கி அடுக்குவதற்கே ஆட்கள் வேண்டியிருந்தது. அதே வேலையை இன்னோர் ஊர்த் தாதிக்குக் கொடுக்க நான் விரும்பவில்லை.

ஆகவே பெட்டிகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தோம். சேர்ந்த பணத்தை உகண்டாவின் சபைசார் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். கம்பாலாவில் 1979 முதல் இயங்கும் கூட்டு மருந்துக் களஞ்சியத்திலிருந்து, தங்களுக்கு வேண்டியதை அவர்களே வாங்கிக்கொண்டார்கள். அது கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து மருத்துவ அமைப்புகள் இரண்டும் சேர்ந்து நடத்துவது.

மற்ற ஆயத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக இரவு ரயிலில் கொழும்பு சென்று மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போட்டுக்கொண்டோம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்புதான் அந்தச் சான்றிதழ் செல்லும். உகண்டாவுக்குள் நுழைய மட்டுமல்ல, இலங்கைக்குள் திரும்பி வரவும் அது தேவை. வைத்தியர் அங்குள்ள மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு பெற்றிருந்தார். தாதியருக்கும் தனிப் பதிவு வேண்டும் என்பதை மிகவும் பிந்தித்தான் அறிந்தோம். அதனால் நாங்கள் இருவரும் ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை, பதிவு மேசையிலும் இரத்த அழுத்தம் பார்ப்பதிலும் மட்டும் உதவுவது என்று புறப்படும் முன்பே முடிவாயிற்று.

மலேரியாத் தடுப்பு மாத்திரையை மலேரியா தடை இயக்கம் இலவசமாகவே தந்தது. வாரத்துக்கு ஒன்று, புறப்படுமுன் தொடங்கி, திரும்பிய பின்னும் நான்கு வாரம் எடுக்க வேண்டும். ஆறு பேரும் ஆளுக்கொரு உறையை வாங்கி அவரவர் பையில் வைத்துக்கொண்டோம். அப்போது இதில் பிழை இருப்பதாக எவருக்கும் தோன்றவில்லை.

முதல் நாள்

என்டெபேயில் இறங்கி, ஜிஞ்சாவில் நைலைக் கடந்து, ஒரு பகல் முழுவதும் வாகனத்தில் போய் தெசோவைச் சேர்ந்தோம். இரவுச் சாப்பாட்டில் அதாப் என்ற களியை வைத்தார்கள். ஒரு பிடி எடுத்து வாயில் வைத்ததும் எங்கள் மருந்தாளர் நிமிர்ந்து பார்த்தார். குரக்கன். எங்கள் ஊரில் நீரிழிவுக்காரருக்கென்று பிட்டு அவிக்கும் அதே குரக்கன். இந்தத் தானியம் கிழக்கு ஆபிரிக்காவின் மேட்டு நிலங்களில்தான் முதலில் பயிரானது என்று பின்னர் வாசித்தேன். நாங்கள் கொடுக்கப் போன ஊரிலிருந்து, கணக்கிட முடியாத காலத்துக்கு முன்பே எங்கள் அடுப்புக்கு ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது.

முகாம் ஒரு மாமரத்தடியில். வருபவர் முதலில் ஜெபக் கூடாரத்துக்குள் போவார், அங்கிருந்து பதிவு மேசை, பிறகு இரத்த அழுத்தம், வைத்தியர், மருந்து. இந்த ஒழுங்கை மட்டக்களப்பில் இருந்தபடியே ஒரு தாளில் வரைந்து கொண்டு போயிருந்தோம். அட்டைத் துண்டுகளில் இலக்கமும் எழுதியிருந்தோம்.

காலை பதினொரு மணியளவில் ஒரு தாய் என் மேசைக்கு வந்தாள். முதுகில் துணியால் கட்டிய குழந்தை, மூன்று வயதிருக்கும். மொழிபெயர்த்த கிராம சுகாதாரத் தொண்டர் "இரண்டு நாளாகக் காய்ச்சல்" என்றார். பெயர், வயது, ஊர் எழுதினேன், காய்ச்சல் என்று குறித்தேன், 84ஆம் இலக்க அட்டையைக் கொடுத்தேன். வைத்தியரிடம் அப்போது 31ஆம் இலக்கம் போயிருந்தது. குழந்தையின் முகத்தை நான் பார்க்கவில்லை. தாயின் தோளுக்குப் பின்னால் அது சாய்ந்திருந்தது; என் கண் பேரேட்டில் இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் சென்றிருக்கும். அந்தச் சுகாதார நிலையத்தின் தாதி ஒருத்தி தண்ணீர் எடுக்க வரிசையை ஒட்டி நடந்து போனாள். போனவள் நின்றாள். துணிக்கு வெளியே தொங்கிய குழந்தையின் கையைப் பிடித்து விரித்தாள். தாயின் உள்ளங்கையையும் வாங்கி அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பெரிய கையில் செந்நிறம் இருந்தது. சிறிய கையில் துளியும் இல்லை, ஊறவைத்த அரிசியின் வெண்மை. அவள் யாரையும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கடுமையான மலேரியா, அதோடு ஆபத்தான குருதிச்சோகை. வைத்தியசாலைக்கு அனுப்புமுன் கொடுக்கும் ஆர்ட்டெசுனேற் மருந்தை அவளே மலவாசல் வழியாக வைத்தாள். எங்கள் வாகனத்தில் ஏற்றும்போது குழந்தைக்கு வலிப்பு வந்தது. எங்கள் வைத்தியர் கூடவே சொரோட்டி நகர வைத்தியசாலைக்குப் போனார். அன்றிரவு குருதி ஏற்றினார்கள். குழந்தை பிழைத்தது, ஆறாம் நாள் வீடு வந்தது. அந்தத் தாதி தண்ணீர் எடுக்க வேறு வழியாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன்.

ஏன் இப்படி நடந்தது என்று யோசித்தபோது வேறொரு காலம் நினைவுக்கு வந்தது. எங்கள் குழுவிலிருந்த இளம் தாதி மலேரியா நோயாளியைப் பார்த்ததே இல்லை. அதில் அவள் குற்றம் ஒன்றும் இல்லை. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல். 2016 செப்டெம்பரில் நாடு மலேரியா அற்றதென்று அறிவிக்கப்பட்டது. ஆனால் நான் பார்த்தவள். போர்க்காலத்தில் தோணியில் வாவியைக் கடந்து படுவான்கரைக்கு நடமாடும் சிகிச்சைக்குப் போன நாட்களில் எத்தனையோ மலேரியாக் குழந்தைகளைத் தூக்கியிருக்கிறேன். அங்கே எங்களுக்கு மேசை இருக்கவில்லை. கரையில் இறங்கியதும் காத்திருந்தவர்கள் நடுவே நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து, மோசமானவர்களை முதலில் அழைத்துக்கொண்டு போவோம். உகண்டாவில் மேசை போட்டு உட்கார்ந்ததும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போய்விட்டது.

அன்றே தெரிந்த இன்னொன்று

மாலையில் அதே தொண்டர் தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னார். காலையில் கைக்குழந்தையோடு வந்த ஒரு முஸ்லிம் பெண், கூடாரத்தைச் சுட்டிக்காட்டி "இதற்குள்ளே போனால்தான் மருந்தா?" என்று கேட்டாளாம். இவர் பதில் சொல்லுமுன் திரும்பி நடந்துவிட்டாளாம்.

நாங்கள் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. கூடாரத்தில் இருந்தவர் அன்பாகவே அழைத்திருப்பார். ஆனால் வழி அதனூடாகத்தான் போனது. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் கல்முனை வீதியில் வாழ்நாள் முழுவதும் பஸ்ஸில் போய்வந்த எங்களுக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். சுனாமி முகாமில் எங்கள் பக்கத்துக் கொட்டிலில் இருந்த சைவ அம்மா ஒருவர், அரிசிப் பொதியோடு கொடுக்கப்பட்ட வேத வசனத் தாளை நான்காக மடித்து, கிழிக்கவும் மனமின்றி, வைத்திருக்கவும் மனமின்றிக் கையில் வைத்தபடி நின்றதை நான் பார்த்தேன். நான் கிறிஸ்தவள் என்பதால் என் முகத்தைப் பார்க்க அவர் கூச்சப்பட்டார். அந்தக் கூச்சத்தை அவருக்கு உண்டாக்கியவர்கள் நல்லவர்கள்தான்.

அன்றிரவு எடுத்த முடிவுகள்

இரவு விளக்கடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். அந்த நிலையத்தின் பொறுப்பாளரையும் தாதியையும் அழைத்திருந்தோம். பொறுப்பாளர் எங்கள் நாட்டு உதவி வைத்திய அதிகாரியைப் போன்ற பயிற்சி பெற்றவர். அந்த வட்டாரத்தின் ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர்.

வரிசை பற்றிய முடிவுக்கு நேரம் எடுக்கவில்லை. காலையிலும் பின்பு அரை மணிக்கு ஒருமுறையும் உள்ளூர்த் தாதி வரிசை முழுவதும் நடந்து பார்ப்பாள். அவள் தொட்டவருக்கு இலக்கம் இல்லை, நேரே உள்ளே. நான் அவள் பின்னால் நடப்பேன். பதிவை இளம் தாதி நிழலில் நின்றபடி எழுதுவாள்.

கூடாரம் பற்றிய பேச்சு கடினமாக இருந்தது. போதகர் மனம் நொந்துபோனார். "சிஸ்டர், ஜெபம் இல்லாத முகாமை அரசாங்கமே நடத்தலாமே. நாம் எதற்கு இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார். அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது. எனக்கும் ஜெபம் இல்லாமல் ஒரு நாளும் விடிந்ததில்லை.

"ஜெபம் இருக்கட்டும் ஐயா. வாசலில் வேண்டாம்" என்றேன்.

நெடுநேரம் அவர் பேசவில்லை. மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி டொக்டர் சாமுவேல் கிறீனைப் பற்றி வைத்தியர்தான் எடுத்துச் சொன்னார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், ஊர்ப் பிள்ளைகளை வைத்தியர்களாக்கினார். பின்னாளில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அவரும் விசுவாசத்தோடு வந்தவர்தான், ஆனால் அவர் விட்டுப்போனதை எந்தச் சமயத்தவரும் எடுத்துக்கொள்ள முடிந்தது. மறுநாள் விடியலில் போதகரே கூடாரக் கயிறுகளை அவிழ்த்தார். மருந்து கொடுக்கும் இடத்தையும் தாண்டி, வீடு திரும்பும் பாதையோரத்து இன்னொரு மரத்தடியில் அதைக் கட்டினோம். விரும்பியவர் போகலாம். பெரும்பாலானோர் போனார்கள். "எயாலாமா" என்று அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னவர்கள் முதல் நாளைவிடக் குறையவில்லை. அடுத்த நாட்களில் மூன்று முஸ்லிம் குடும்பங்கள் வந்தன. முதல் நாள் திரும்பிப் போன பெண் வரவில்லை.

முப்பது மாத்திரைகள்

மூன்றாம் நாள் பொறுப்பாளர் எங்களை வேறொரு கேள்வியில் நிறுத்தினார். இரத்த அழுத்தம் மிகக் கூடியிருந்த ஒருவருக்கு எங்கள் வைத்தியர் ஒரு மாதத்துக்கு அம்லோடிபின் என்ற அழுத்த மாத்திரையை எழுதியிருந்தார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பொறுப்பாளர் மெதுவாகக் கேட்டார்: "முப்பத்தோராம் நாள்?"

அந்த நிலையத்தில் அந்த மாத்திரை சில வேளை இருக்கும், சில வேளை இருக்காது. முகாமில் வாங்கியதை முடித்துவிட்டு, நோய் மாறிவிட்டதென்று எண்ணி வீட்டில் இருந்துவிடுவார்கள். இதற்கு முன் வந்த குழுக்களுக்குப் பிறகு இதைத்தான் கண்டதாகச் சொன்னார். வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டிய மருந்தை இரண்டு வாரம் தங்குகிறவர்கள் தொடங்கிவைப்பது சரியா? நாங்கள் அதுவரை கேட்டுக்கொள்ளவேயில்லை.

அதன் பிறகு முகாமில் எவருக்கும் நீண்டகால மருந்து தொடங்கவில்லை. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களின் விவரத்தை அவரவர் கொண்டுவந்த பாடசாலைக் கொப்பியில் எழுதி (அங்கே நோயாளியின் கிளினிக் புத்தகம் அதுதான்) நிலையத்தின் பேரேட்டிலும் பதிந்தோம். 41 பேர். எஞ்சிய மாத்திரைகள் அனைத்தையும் நிலையத்திடம் ஒப்படைத்தோம். மாதாமாதம் அங்கே வந்து அழுத்தம் பார்த்த பின்பே வாங்குவார்கள். உடனடி ஆபத்தில் இருந்த சிலரை மட்டும் பொறுப்பாளர் அன்றே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

ஊர் திரும்பிய பின்

வாலிபனுக்குப் பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. உடல் உளைவு, தலைவலி. ஒரு தனியார் மருத்துவரிடம் போனான். இரத்தப் பரிசோதனையில் குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருந்தன. மட்டக்களப்பில் சிறுதட்டு குறைந்த காய்ச்சல் என்றால் எவருக்கும் முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும். மலேரியாவிலும் அவை குறையும். எங்கே போய்வந்தாய் என்று எவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவன் தாய் ஆலயத்தில் ஜெபிக்கச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஆலய உடையோடு அப்படியே அவன் வீட்டுக்குப் போனேன்.

"தம்பி, மாத்திரையை எடுத்தாயா?"

சுவரைப் பார்த்தபடி இல்லை என்று தலையசைத்தான். உகண்டாவில் முதல் வாரமே நிறுத்திவிட்டானாம். இரவில் கொடிய கனவுகள் வந்தன. சொன்னால் விசுவாசம் குறைந்தவன் என்று நினைப்பார்கள் என்று பயந்தானாம். கெட்ட கனவு அந்த மாத்திரையின் அறியப்பட்ட பக்கவிளைவு. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு மருந்துக்கு மாற்றியிருக்கலாம். சொல்லக்கூடிய இடத்தை நாங்கள் அவனுக்குக் கொடுக்கவில்லை.

அன்று மாலையே குருதிப் பூச்சில், மலேரியாவிலேயே மிக ஆபத்தான வகையான பல்சிபாரம் உறுதியானது. வைத்தியசாலையில் அனுமதித்து ஆர்ட்டெமீதர்–லூமிஃபன்ட்ரின் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்தார்கள். மலேரியா தடை இயக்கத்தினர் மறுநாளே வீட்டுக்கு வந்து, குடும்பத்தாருக்கும் எங்கள் ஐவருக்கும் இரத்தம் பார்த்து, சுற்றாடலில் நுளம்பு தேடினார்கள். வேறு எவருக்கும் இல்லை. அவன் முழுமையாகக் குணமடைந்தான்.

வீதியில் சிலர் இதைச் சிறு விடயமாகப் பேசினார்கள். சிறு விடயம் அல்ல. நோய் போய்விட்டது, அதைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இந்த மண்ணில் இன்னும் இருக்கிறது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர்களே இருந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடியுமுன் மலேரியா இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. நல்லது செய்யப் போன நாங்கள், எங்கள் முன்னோர் பாடுபட்டுத் துரத்தியதைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்திருக்க முடியும்.

ஓராண்டுக்குப் பின்

கணக்கைப் பார்த்தபோது மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு விமானச் சீட்டுகளுக்குப் போயிருந்தது. 2024இல் ஆறு பேர் போகவில்லை. வைத்தியரும், முறையாக அந்நாட்டுப் பதிவு பெற்ற இளம் தாதியும் மட்டும் மூன்று வாரம் போனார்கள். முகாம் போடவில்லை, நிலையத்திலேயே பொறுப்பாளரின் கீழ் வேலை செய்தார்கள். மீந்த பணத்தில் அந்த 41 பேருக்கும் ஓராண்டு மாத்திரையை நிலையமே வாங்கியது. 27 பேர் மாதந்தோறும் தவறாமல் வருவதாகப் பொறுப்பாளர் எழுதினார். மற்றவர்களைத் தொண்டர்கள் வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். சபையில் கேள்வி கேட்ட அந்தத் தாய் இந்த முறை தன் காணிக்கையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

மாற்றுவதும் மாற்றியதும்

புறப்படுமுன் வரைந்த அந்தத் தாளை இனி யாரும் இங்கிருந்து வரையக்கூடாது. முகாமோ நிலையமோ, நோயாளி எந்த வழியால் வந்து எந்த வழியால் போவார் என்பதை அந்த ஊர்த் தாதி முடிவு செய்யட்டும். நாங்கள் அவளிடம் கேட்டு நிற்போம். வெளியே போகிறவர்கள் ஆறு மாதம் முன்பே அந்நாட்டுப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காதவர் போக வேண்டாம். இதில் இரக்கம் காட்ட இடமில்லை என்றே நினைக்கிறேன்.

மலேரியாத் தடுப்பு மாத்திரை இப்போது எவர் பையிலும் இல்லை. ஒருவர் பொறுப்பில் இருக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக விழுங்கி, இரவு எப்படித் தூங்கினோம் என்று ஒருவரையொருவர் கேட்கிறோம். திரும்பி வந்தவர்களின் சட்டைப் பையில் "உகண்டா சென்று திரும்பியவர், காய்ச்சல் என்றால் மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கவும்" என்று எழுதிய அட்டை இருக்கிறது. 28 நாளும் மாலை ஆறு மணிக்கு அவர்களுக்குத் தொலைபேசி அழைப்பு வரும். காய்ச்சல் உண்டா, மாத்திரை எடுத்தீர்களா என்ற இரண்டு கேள்விகள்தான். 2024இல் வைத்தியரையும் இளம் தாதியையும் அப்படி நாள் தவறாமல் அழைத்தவன், அந்த வாலிபன்.